சென்னையில் ஒரு சனி, ஒரு ஞாயிறு: அம்மா, பிள்ளைகளோட வர்றோம், எதைப் பார்க்க, எதை விட?

பொருநைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில இருந்து குடும்பத்தோட சென்னை வரலாம்னு இருக்கோம். வெள்ளி ராத்திரி ரயில் ஏறி, சனியும் ஞாயிறும் அங்கே இருந்துட்டு, ஞாயிறு ராத்திரியே திரும்பணும். திங்கக்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

மொத்தம் அஞ்சு பேர். அம்மாவுக்கு 70 வயசு, முட்டுவலி. சமதரையில மெதுவா நடப்பாங்க, படின்னா கஷ்டம். மகள் எட்டாம் வகுப்பு, எங்கே போனாலும் கையில ஸ்கெட்ச் நோட்டு. மகன் மூணாம் வகுப்பு, ரயில்னா உயிர். அப்புறம் நானும் வீட்டுக்காரியும்.

நான் எழுதி வச்சிருக்கிறது: மெரினா, எழும்பூர் மியூசியம், வண்டலூர், மகாபலிபுரம், ஜார்ஜ் கோட்டை, கபாலீஸ்வரர், பார்த்தசாரதி, சாந்தோம் சர்ச், தி.நகர், புத்தகக் காட்சி, ஒரு பெரிய மால். பொங்கல் லீவை ஒட்டி வந்தா வசதின்னு நினைக்கேன். இதுல எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்? எங்கே தங்கலாம்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வடசென்னை_வாசகி:

முதல்ல தேதியைப் பேசிடுவோம். பொங்கலை ஒட்டி மட்டும் வராதீங்க. காணும் பொங்கல் அன்னைக்கு மெரினா, வண்டலூர், மாமல்லபுரம் மூணுக்கும் சுத்துவட்டார மாவட்டமே கிளம்பி வரும். கடற்கரையில தடுப்பு கட்டி, தண்ணிப் பக்கமே யாரையும் விட மாட்டாங்க. 70 வயசு அம்மாவையும் சின்னப் பையனையும் அந்தக் கூட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போறது பாதுகாப்பே இல்லை. லீவு முடிஞ்சு தென் மாவட்டத்துல இருந்து திரும்புற ரயில் எல்லாமே நிரம்பி வழியும். டிக்கெட்டும் கிடைக்காது.

ஒரு வாரம் தள்ளி வாங்க. வெயில் அப்பவும் தாங்குற மாதிரிதான் இருக்கும், மழையும் ஓய்ஞ்சிருக்கும். புத்தகக் காட்சி அந்த வாரம் வரைக்கும் நடக்குதான்னு மட்டும் முன்கூட்டியே பார்த்துக்குங்க, ஒவ்வொரு வருஷமும் தேதி மாறும். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துலதான் நடக்கும், மெட்ரோவுல நந்தனம் ஸ்டேஷன்ல இறங்கினா போதும்.

இரவுரயில்:

நெல்லைக்காரங்க ரயில்ல வர்றதே நல்லது. பஸ்ல வந்தா கிளாம்பாக்கத்துல இறக்கி விடுவாங்க. 2023 டிசம்பர் கடைசியில அந்த நிலையம் திறந்த பிறகு கோயம்பேடு கணக்கெல்லாம் மாறிப்போச்சு. அங்கிருந்து எழும்பூர் வர இன்னும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்த அம்மாவுக்கு அது தனிப் பயணம்.

டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடி திறக்கும் (முன்னே 120 நாள் இருந்தது, 2024 நவம்பர்ல குறைச்சுட்டாங்க). திறக்கிற அன்னைக்கே எடுத்துடுங்க. அம்மாவுக்குக் கீழ் பெர்த் உறுதியா வேணும்னா அவங்க டிக்கெட்டைத் தனியா, மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டுல போடுங்க. அஞ்சு பேரையும் ஒரே டிக்கெட்டுல போட்டா அந்த ஒதுக்கீடு வேலை செய்யாது, தனியாவோ ரெண்டு மூத்தவங்க சேர்ந்தோ போனாத்தான் உண்டு. வேற கோச் விழுந்தா கொஞ்சம் அலைச்சல்தான், ஆனா நடு பெர்த்துல ஏறச் சொல்றதைவிடப் பரவாயில்லை.

எழும்பூர் நிலையத்துல வேலை நடக்கிறதால சில வண்டிகளைத் தாம்பரத்தோட நிறுத்தினாங்க. உங்க வண்டி எது வரைக்கும்னு கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க.

தங்க எழும்பூர்தான். ஸ்டேஷன் எதிரே காந்தி இர்வின் ரோடு, கென்னட் லேன் பக்கம் எல்லா விலையிலும் லாட்ஜ் இருக்கு. லிஃப்ட் இருக்கான்னு போன்ல கேட்டுட்டுத்தான் புக் பண்ணணும். பழைய கட்டடம் நிறைய, லிஃப்ட் இல்லாத மூணாம் மாடி ரூம் கொடுத்துட்டா அம்மாவுக்கு அந்த ஒரு நாளே போயிடும்.

கல்வெட்டுப்பித்தன்:

நண்பரே, எழும்பூரில் தங்கினால் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். "போற வழியில ஒரு மணி நேரம்" என்று வைத்தீர்கள் என்றால் போகவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் நீங்கள் பொருநைக்கரைக்காரர். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பொருட்கள் இங்கேதான் இருக்கின்றன. தாழிகள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள், நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டங்கள். பாத்திர மூடிகளின் உச்சியில் சின்னச் சின்ன மிருகங்கள், பறவைகள் நிற்கும். மகளை அந்த மூடிகள் முன்னால் நிறுத்துங்கள், நோட்டு தானாகத் திறக்கும்.

அங்கிருந்து, ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்கள். வட்டமான ஒரு சுண்ணாம்புக்கல் பலகையைத் தேடிப் பாருங்கள். நளகிரி என்ற மதயானை தெருவில் ஆட்களை மிதித்துக்கொண்டு வருகிறது. அதே வட்டத்தின் இன்னொரு பக்கம், அதே யானை புத்தர் காலடியில் மண்டியிட்டு விழுந்து கிடக்கிறது. மேலே சன்னல்களில் இருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரே சட்டகத்துக்குள் முன்னும் பின்னும் சேர்த்துக் கதை சொல்வதை அந்தச் சிற்பி எவ்வளவு லாகவமாகச் செய்திருக்கிறான் என்று வரையத் தெரிந்த பிள்ளைக்கு நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

வெண்கலச் சிலைகளுக்குத் தனிக் கட்டடம். திருவாலங்காட்டு நடராசரையும் திருவெண்காட்டு அர்த்தநாரியையும் விட்டுவிடாதீர்கள். பையனுக்குத் திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது.

காலை 9.30க்குத் திறப்பார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, உங்களுக்குச் சனி என்பதால் கவலை இல்லை. வளாகம் பெரிது, கட்டடத்துக்குக் கட்டடம் நடக்க வேண்டும், சில இடங்களில் படியும் உண்டு. அம்மாவுக்கு மரத்தடியில் உட்கார இடம் இருக்கிறது. நிதானமாகப் பார்த்தால் அவர்களும் பார்த்துவிடலாம்.

வளாகத்துக்குள் தேசியக் கலைக்கூடம் இருக்கும் சிவப்புக் கட்டடத்தை வெளியிலிருந்தாவது பாருங்கள். அதை வடிவமைத்த ஹென்றி இர்வின்தான் நீங்கள் ரயில் இறங்கும் எழும்பூர் நிலையத்தையும் வடிவமைத்தவர். நிலையம் 1908இல் திறந்தது.

பொருநைக்கரை:

ஐயா, ஆதிச்சநல்லூர் சாமான்லாம் அங்கேதான் இருக்குன்னு மகள்கிட்ட சொன்னேன். "நம்ம ஊர்ல தோண்டுனதைப் பார்க்க நாம மெட்ராஸ் போகணுமாப்பா"ன்னு கேட்டா. சனிக்கிழமை காலை மியூசியம், முடிவு பண்ணியாச்சு. தேதியையும் ஒரு வாரம் தள்ளிட்டேன்.

வண்டலூர், மகாபலிபுரம் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே?

ஈசிஆர்_ஓட்டி:

அண்ணாச்சி, நான் டாக்ஸி ஓட்டுறவன். சனி ஞாயிறுன்னா பாதி சவாரி மாமல்லபுரம்தான். சொல்றதைக் கேளுங்க.

வண்டலூரை எடுத்துடுங்க. 600 ஹெக்டேர் இடம், பேட்டரி வண்டி இருந்தாலும் காத்திருக்கணும், ஒரு முழு நாள் சாப்பிட்டுடும். மாமல்லபுரம் வைங்க, ஆனா எல்லாரும் போற மாதிரி போகாதீங்க. எல்லாரும் ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கிளம்பி, உச்சி வெயில்ல பாறையில நின்னுட்டு, சாயங்காலம் ஒண்ணா சென்னைக்குத் திரும்புவாங்க. ஞாயிறு சாயங்காலம் ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) சென்னை பக்கம் வர்ற வண்டி நகராது. ராத்திரி எழும்பூர்ல ரயில் வச்சிக்கிட்டு அந்த ரோட்ல மாட்டிக்கிட்டா நெஞ்சு அடைக்கும்.

நீங்க தெற்கே போறவங்க. எதுக்கு வடக்கே திரும்பி வரணும்? காலை ஆறரைக்கு ரூமைக் காலி பண்ணி, பெட்டியெல்லாம் வண்டியில போட்டுட்டு கிளம்புங்க. எட்டு, எட்டரைக்கெல்லாம் மாமல்லபுரம். பார்த்து முடிச்சுட்டு சாயங்காலம் திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டு போயிடுங்க, ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ரயில்ல அங்கேயே ஏறிக்கலாம். நெல்லை எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டுல நிக்கும்.

இரவுரயில்:

//ரயில்ல அங்கேயே ஏறிக்கலாம்//

நல்ல யோசனை. ஒரு விஷயம் மட்டும் கவனம்: டிக்கெட் எடுக்கும்போதே ஏறுமிடம் செங்கல்பட்டுன்னு போட்டுடுங்க. சும்மா எழும்பூர்னு வச்சுட்டு செங்கல்பட்டுல ஏறப் போனீங்கன்னா, டிடிஆர் நீங்க வரலைன்னு பெர்த்தை வேற ஆளுக்குக் கொடுத்துட வாய்ப்பு இருக்கு. அதே மாதிரி மாத்தின பிறகு மனசு மாறி எழும்பூர்ல ஏறவும் முடியாது.

செங்கல்பட்டுல வண்டி கொஞ்ச நேரம்தான் நிக்கும். ஒரு மணி நேரம் முன்னாடியே போய், எந்த பிளாட்பாரம், கோச் எங்கே வரும்னு பார்த்து அம்மாவை அந்த இடத்துலேயே உட்கார வச்சிடுங்க.

வடசென்னை_வாசகி:

எனக்கு இதில உடன்பாடு இல்லை. மாமல்லபுரம் தனி ஊர். அதுக்குன்னு இன்னொரு தடவை வரலாம். சென்னைக்குன்னு ரெண்டே நாள் வர்றவங்க ஒரு முழு நாளை ஊருக்கு வெளியே கழிச்சா சென்னையை எங்கே பார்த்தாங்க? வெளியூர்ல இருந்து வர்றவங்க எல்லாரும் மெரினாவுல கால் நனைச்சுட்டு, தி.நகர்ல பை வாங்கிட்டு, "சென்னைன்னா வெறும் கூட்டம்"னு சொல்லிட்டுப் போறது எனக்கு வருத்தமா இருக்கு.

ஞாயிறு காலையில கோட்டைக்குள்ள போய்ப் பாருங்க. 1680ல கட்டின புனித மேரி தேவாலயம் இன்னும் நிக்குது. கோட்டை அருங்காட்சியகத்துல 1947 ஆகஸ்ட் 15 அன்னைக்கு அந்தக் கொடிமரத்துல ஏத்தின மூவர்ணக் கொடியையே வச்சிருக்காங்க. பட்டுத் துணி, அங்கங்கே இற்றுப்போயிருக்கு. வெளிச்சத்தைக் குறைச்சு வச்சிருப்பாங்க. அதுக்கு முன்னாடி பிள்ளைங்களை நிறுத்தினா பாடப்புத்தகத்துல படிச்ச சுதந்திரம் கண்ணுக்கு எதிரே இருக்கும். ஞாயித்துக்கிழமை ஆனதால தலைமைச் செயலகக் கூட்டமும் இருக்காது. அடையாள அட்டை கையில வேணும். அங்கிருந்து பாரிமுனைக்குள்ள ஒரு சுத்து, ஆர்மீனியன் தெரு, உயர்நீதிமன்றக் கட்டடத்தை வெளியில இருந்து. பிறகு நந்தனம் புத்தகக் காட்சி. சாயங்காலம் எழும்பூர்ல ரயில். ஊரை விட்டு ஒரு அடி வெளியே போக வேண்டாம்.

கல்வெட்டுப்பித்தன்:

வாசகி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கொடியைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் வரைகிற பெண் பிள்ளை இருக்கிற வீடு இது. அந்த வயதில் மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தின் முன்னால் அரை நாள் உட்கார்வது வேறு எதற்கும் ஈடாகாது.

ஏறத்தாழ 30 மீட்டர் நீளப் பாறையில் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். எல்லோரும் யானையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். யானையின் தந்தத்துக்குப் பக்கத்தில் பின்னங்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்கிற பூனை, அதைச் சுற்றி நம்பிக்கையோடு நிற்கும் எலிகள். இன்னும் இடப்பக்கம் கீழே ஒரு மான், பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். பல்லவச் சிற்பி காட்டில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். தேர்களில் திரௌபதி ரதத்தின் கூரையைப் பார்த்தால் நம் பக்கத்துக் கூரை வீடு அப்படியே கல்லாகி நிற்கும்.

அம்மாவுக்கும் அது வசதி. தபசு சாலையோரமாகவே இருக்கிறது, படி ஏற வேண்டியதில்லை. ஐந்து ரதங்கள் இருக்கும் இடம் மணல் தரை, சமதளம். கடற்கரைக் கோயிலுக்கு மட்டும் கொஞ்சம் நடக்க வேண்டும். ஒரே சீட்டில் ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்க்கலாம், நபருக்கு 40 ரூபாய், 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம்.

மயிலைவாசி:

தம்பி, எல்லாத்தையும் படிச்சுட்டேன். மியூசியம் பத்திப் பேசியாச்சு, பாறை பத்திப் பேசியாச்சு, கொடி பத்திப் பேசியாச்சு. வர்ற அம்மாவுக்கு என்ன ஆசைன்னு யாருமே கேக்கலையே? எனக்கும் அவங்க வயசுதான். பிள்ளைங்க நம்மளைக் கூட்டிட்டுப் போவாங்க, "இங்க உக்காருமா, வந்துடறோம்"னு பெஞ்சுல உக்கார வச்சுட்டுப் போவாங்க. ரெண்டு நாளும் பெஞ்சு பெஞ்சா உக்காந்துட்டு ஊர் திரும்பக்கூடாது.

அம்மாகிட்ட கேளுங்க. வீட்டுக்காரிகிட்டயும் கேளுங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. அந்த அஞ்சை மட்டும் ஒழுங்கா பண்ணுங்க, மிச்சத்தை அடிச்சுடுங்க.

பொருநைக்கரை:

அக்கா சொன்னபடியே ராத்திரி சாப்பாட்டு நேரத்துல கேட்டேன்.

அம்மாவுக்குக் கபாலீஸ்வரர் கோயில். எங்க அப்பா இருந்தப்பவே போகணும்னு பேசிக்கிட்டு இருந்தாங்களாம், எனக்கு இது வரைக்கும் தெரியாது. வீட்டுக்காரிக்குத் தி.நகர், அவ தம்பி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கணும். மகளுக்கு யானைச் சிற்பம், ஐயா சொன்ன பூனை. மகனுக்கு மெட்ரோ ரயில். நான் என்ன சொல்லன்னு கேட்டாங்க. ஆதிச்சநல்லூர்னு சொன்னேன்.

ஆக, மால், வண்டலூர், பார்த்தசாரதி, சாந்தோம் போச்சு. வாசகி அக்கா, கோட்டையும் புத்தகக் காட்சியும் அடுத்த தடவைக்கு வச்சிருக்கேன், மனசுல எழுதிக்கிட்டேன். ஆனா கோயிலும் தி.நகரும் மெட்ரோவும் ஒரே சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேலே முடியுமா?

வடசென்னை_வாசகி:

அம்மா கேட்டது கோயில்னா நான் ஒண்ணும் பேச மாட்டேன். முடியும். தி.நகரை மத்தியானத்துல வைங்க. ஒரு மணிக்குச் சாப்பிட்டுட்டு அம்மா ரூம்ல கால் நீட்டட்டும். வீட்டுக்காரியும் மகளும் எழும்பூர்ல எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சா சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், அடுத்தது மாம்பலம். ஸ்டேஷன்ல இருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆகாய நடைமேடை போட்டிருக்காங்க, ரங்கநாதன் தெரு நெரிசல்ல சிக்காம மேலேயே நடந்து போயிடலாம். எந்தக் கடைன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டுப் போகச் சொல்லுங்க. கடை கடையா ஏறி இறங்க அந்த ரெண்டு மணி நேரம் பத்தாது.

நீங்களும் மகனும் அம்மா கூட ரூம்லயே இருங்க. தெரியாத ஊர் லாட்ஜ்ல அவங்களைத் தனியா விட வேண்டாம். பையனுக்கு மெட்ரோ சாயங்காலம், எல்லாரும் சேர்ந்து.

மயிலைவாசி:

கோயில் மத்தியானம் சாத்தி நாலு மணி வாக்குலதான் திறக்கும். அவசரமே இல்லை. முதல்ல கடற்கரை, இருட்டினப்புறம் கோயில்.

எழும்பூர்ல மெட்ரோ ஏறி, சென்ட்ரல்ல மாறி, அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்குங்க. எல்லா இடத்துலயும் லிஃப்ட் இருக்கு, அம்மாவுக்குப் படியே வராது. பையனுக்கும் ரெண்டு தடத்துல ஏறின மாதிரி ஆச்சு. அங்கிருந்து ஆட்டோ வச்சு விவேகானந்தர் இல்லம். அதுக்கு எதிர்ல மணல் மேல கடல் பக்கத்து வரைக்கும் மரப்பாதை போட்டிருக்காங்க, மாற்றுத்திறனாளிங்களுக்காக 2022ல திறந்தது. வயசானவங்களும் போகலாம். மெரினா மணல்ல முட்டுவலியோட நடந்து பாருங்க, ஒவ்வொரு அடியும் உள்ளே இழுக்கும். அந்தப் பாதையில கைப்பிடி பிடிச்சுக்கிட்டே அலை தெரியிற இடம் வரைக்கும் போயிடலாம். சாயங்காலம் நாலரைக்கு மேல வெயில் முதுகுப் பக்கம் போயிடும், கண் கூசாது. பிள்ளைங்களைத் தண்ணியில இறக்க வேண்டாம், கால் நனைக்கிறதோட சரி. அந்தக் கடல்ல உள் இழுப்பு ஜாஸ்தி.

ஆறு, ஆறேகால் ஆனதும் கிளம்பி மயிலாப்பூர். லஸ், கச்சேரி ரோடு பக்கமெல்லாம் மெட்ரோ வேலைக்குத் தோண்டி வச்சிருக்காங்க. ஆட்டோக்காரர்கிட்ட கிழக்கு கோபுர வாசல்னு சொல்லி ஏறுங்க, வழி அவருக்குத் தெரியும். உள்ளே போனதும் கபாலியைப் பார்த்துட்டு, கற்பகாம்பாள் சன்னிதியில அம்மா எவ்வளவு நேரம் நிக்கணும்னு நினைக்கிறாங்களோ அவ்வளவு நேரம் விடுங்க. அப்புறம் புன்னை மரத்தடி. மயிலா வந்து பூசை பண்ணின அம்பாளுக்கு அங்கே சின்ன சன்னிதி. மேற்கே குளத்துப் பக்கம் வெளியே வந்தா மாட வீதி. வாழைப்பூ, பூக்கூடை, பித்தளை விளக்குன்னு நடைபாதை முழுக்க இருக்கும். அம்மா வேடிக்கை பார்க்கட்டும். டிபன் அங்கேயே சாப்பிட்டுட்டு ஆட்டோவுல எழும்பூர் போயிடலாம்.

பொருநைக்கரை:

இப்படி வச்சிருக்கேன். சனி காலை எழும்பூர்ல இறங்கி, குளிச்சு டிபன் முடிச்சு, ஒன்பதரைக்கு மியூசியம். முதல்ல ஆதிச்சநல்லூர், அமராவதி, பிறகு வெண்கலம். ஒரு மணிக்குச் சாப்பாடு. வீட்டுக்காரியும் மகளும் மாம்பலம், மத்தவங்க ரூம். நாலு மணிக்கு மெட்ரோ, கடற்கரை, கோயில். ஞாயிறு ஆறரைக்கு பெட்டியோட கிளம்பி மாமல்லபுரம், ரதங்கள் முதல்ல, கடற்கரைக் கோயில் அடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அர்ச்சுனன் தபசு. நாலு மணிக்குக் கிளம்பி செங்கல்பட்டு.

திரும்புற டிக்கெட்டுல ஏறுமிடம் செங்கல்பட்டுன்னே போடப் போறேன். அம்மாவுக்கு ரெண்டு பக்கமும் தனி டிக்கெட். விடுபட்டது ஏதாவது உண்டா?

ஈசிஆர்_ஓட்டி:

அண்ணாச்சி, தபசைக் கடைசியில வைக்காதீங்க. ஞாயிறு பதினோரு மணிக்கு மேல அந்தத் தெருவுல சுற்றுலா பஸ் வரிசையா நிக்கும், மகள் உட்கார்ந்து வரைய இடமே கிடைக்காது. எட்டரைக்கு நேரா தபசு. பாறை கிழக்குப் பார்த்தது, காலை வெயில் நேரா விழும், செதுக்கு நல்லாத் தெரியும். மகளை ஒன்பதரை வரைக்கும் அங்கேயே விடுங்க, அம்மாவுக்கு வண்டிக் கதவைத் திறந்து வச்சா உட்கார்ந்தபடியே தெரியும். பிறகு ரதங்கள், பிறகு கடற்கரைக் கோயில். சாப்பிட்டுட்டு மூணு மணிக்கே கிளம்பினா திருக்கழுக்குன்றத்துல மலை ஏறாம கீழ்க்கோயிலும் பெரிய குளமும் அம்மாவுக்குக் காட்டிடலாம், வழியிலேயேதான் இருக்கு.

வண்டி பேசும்போது "மாமல்லபுரம் போய் செங்கல்பட்டுல இறக்கிவிடணும், பகல் முழுக்கக் காத்திருக்கணும்"னு தெளிவா சொல்லி, திரும்புற காலி கிலோமீட்டருக்கு என்ன கணக்குன்னு முதல்லயே கேட்டுடுங்க. பார்க்கிங், டோல் யார் கொடுக்கிறதுங்கிறதும் சேர்த்து. அஞ்சு பேரும் பெட்டியும் சின்னக் காருல அடங்காது, ஏழு சீட் வண்டியா சொல்லுங்க. முன் சீட்டு அம்மாவுக்கு, பின்னாடி தள்ளி விட்டா காலை நீட்டிக்கலாம்.

பொருநைக்கரை:

மாத்திட்டேன் அண்ணே, தபசு முதல்ல. கீழ்க்கோயில்னு சொன்னதும் அம்மா இப்பவே வேட்டி சேலைப் பையைத் தனியா எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க. டிக்கெட் திறக்க இன்னும் நாலு நாள் இருக்கு. காலை எட்டு மணிக்கு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துடுவேன். ஏழு சீட் வண்டிக்கு உங்க ஆளுங்க யாராவது இருந்தா தனிமடல்ல சொல்லுங்க.